ப்ராக்ஸி வரியின் பூர்விகம்

ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் லினக்ஸ் கணினியை இணையத்தோடு இணைக்கப் பல இடங்களில் டெர்மினலில் ஒரே வரி போதும்: ‘எக்ஸ்போர்ட் எச்டிடிபி_ப்ராக்ஸி’ என்று தொடங்கி, ப்ராக்ஸி சர்வரின் முகவரியும் போர்ட் எண்ணும். அந்தப் பெயர் லினக்ஸ் சூட்டியதல்ல. அதன் பூர்விகம் ஜெனிவா.

1994 மே மாதம் அங்குள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் உலகளாவிய வலை மாநாடு கூடியது. செர்னைச் சேர்ந்த ஆரி லுவோடோனெனும் இன்டெலைச் சேர்ந்த கெவின் ஆல்டிஸும் வலை ப்ராக்ஸி பற்றி ஒரு கட்டுரை அளித்தார்கள். நிறுவனங்கள் பாதுகாப்புக்காக வாசலை அடைத்திருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு வலை எட்டவில்லை. ஃபயர்வால் கணினியில் செர்னின் சர்வரை ஓட்டி, வெளியே போய்வரும் வேலையை அதனிடம் விடுவதுதான் தீர்வு. அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது என்று பிரவுசருக்குச் சொல்வது எப்படி? 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, நிரல்களுக்கு அமைப்புகளைச் சொல்லும் சூழல் மாறிகள் இருந்தன, அவற்றையே பயன்படுத்திக்கொண்டார்கள். எச்டிடிபி, எஃப்டிபி, கோஃபர், வெய்ஸ் என்று அன்றைய நெறிமுறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறி. ப்ராக்ஸி வேண்டாத முகவரிகளுக்கு ‘நோ_ப்ராக்ஸி’.

கோஃபரும் வெய்ஸும் வழக்கொழிந்தன. மற்ற பெயர்கள், இணையத் தரநிலைகளைச் சொல்லும் எந்த ஆர்எஃப்சி ஆவணமும் விதி வகுக்காமலே நிலைத்துவிட்டன.

சூழல் மாறிகளைப் பெரிய எழுத்தில் எழுதுவதுதான் யூனிக்ஸ் வழக்கம். செர்ன் சிறிய எழுத்தில் எழுதியது. பின்னாளில் பல நிரல்கள் இரண்டையும் ஏற்றன. அங்கேதான் ஆபத்து நுழைந்தது. வெப் சர்வர் பிற நிரல்களை இயக்கும் சிஜிஐ முறையில், வருபவர் அனுப்பும் ஹெடர்கள் பெரும்பாலும் பெரிய எழுத்து ‘எச்டிடிபி_’ முன்னொட்டோடு சூழல் மாறிகளாகின்றன. ‘ப்ராக்ஸி’ என்ற ஹெடரை ஒருவர் அனுப்பினால் அது பெரிய எழுத்து ‘எச்டிடிபி_ப்ராக்ஸி’ ஆகிவிடும்; சர்வர் வெளியே அனுப்பும் கோரிக்கைகள் அவர் காட்டும் கணினி வழியாகப் போகக்கூடும். பெர்ல் மொழியின் வலை நூலகமும் பதிவிறக்க நிரலான கர்லும் 2001-லேயே இதை அடைத்தன. எச்டிடிபிக்குக் கர்ல் இன்றும் சிறிய எழுத்து மாறியை மட்டுமே படிக்கிறது. அந்தப் பாடம் மற்றவர்களைச் சென்றடையாததுதான் வருத்தம்: 2016 ஜூலையில் பிஎச்பி, கோ, பைத்தான் நிரல்களில் அதே ஓட்டை ‘எச்டிடிபாக்ஸி’ என்ற பெயரில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. வெப் சர்வரிலேயே அந்த ஹெடரை நீக்குவது பரிகாரமாயிற்று.

‘நோ_ப்ராக்ஸி’யின் குழப்பம் இன்னும் தீரவில்லை. அதில் 10.0.0.0/8 என்று முகவரி வரம்பு எழுதினால், கர்லுக்கு அது புரியத் தொடங்கியதே 2022-இல் வந்த 7.86 பதிப்பில்தான். இன்னொரு பதிவிறக்க நிரலான டபிள்யூகெட், பெயரின் வால்பகுதியை மட்டுமே ஒப்பிடுகிறது. அதே வரியை வைத்துக்கொண்டு உள் சர்வருக்கான கோரிக்கையையும் ப்ராக்ஸியிடமே அனுப்புகிறது.