மசக்கை என்னும் மறைப்பு: வட சிலாங்கூர் தோட்டப்புறத்தில் கருக்கால உணவுக்கோளாறு

கோலசிலாங்கூர் வட்டாரத்து அரசு கிளினிக்கில் கர்ப்பிணிக்கு எடை பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீரில் இனிப்பு பார்க்கிறார்கள். எல்லாம் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஏறுகிறது. ஆபத்துக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி விழுகிறது. பயனுள்ள ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் எண்ணாக மாறாத ஒன்று இதில் நழுவிவிடுகிறது: அந்தப் பெண் எதைத் தின்கிறாள், எதை விடுகிறாள் என்பது. தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களின் கருக்கால உணவுக்கோளாறு இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மண், அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, திருநீறு, பச்சரிசி, ஐஸ் கட்டி போன்றவற்றை அடக்க முடியாமல் தின்னும் வேட்கையைப் பைக்கா என்கிறார்கள். நமக்கு இது புதிதன்று. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரனின் மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே ஒழியப் பகைவர் உண்ண முடியாது என்று புகழ்கிறார். கேட்போருக்குப் பழகிய சங்கதியாக இருந்தால்தானே அதை வைத்து ஓர் அரசனைப் புகழ முடியும்? சிக்கலும் அதில்தான். மசக்கை என்று சொல்லிவிட்டால் மாமியார் சிரிப்பார், பெண்ணும் சிரிப்பாள். இரவுச் சோற்றுக்கு அரிசி களையும்போது ஒரு பிடி வாய்க்குப் போவதும், மத்தியானம் ஐஸ் தட்டு காலியாவதும் மிசியிடம் (தாதியிடம்) சொல்லத்தக்க விஷயம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றாது.

சொல்லத்தக்க விஷயம்தான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்கு, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் 27.8 விழுக்காட்டுப் பெண்களிடம் பைக்கா இருப்பதாக மதிப்பிட்டது. பைக்கா உள்ளவர்களுக்கு ரத்தசோகை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு என்று 2015இல் இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. ரத்தக்குறைவு வேட்கையைத் தூண்டுகிறதா, தின்ற மண் இரும்பைப் பிடித்துக்கொள்கிறதா என்பதில் அறிஞர்களுக்குள் பிணக்கு உண்டு. எப்படியானாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன; இரும்புச்சத்து ஏறியதும் ஐஸ் கடிக்கும் ஆசை பலருக்கு நின்றுபோவதும் தெரிந்ததே.

தோட்டத்தில் இரும்புக் குறைவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய சாமுவேல் டார்லிங் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து 1920இல் அறிக்கை வெளியிட்டது. அதே 1917இல்தான் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஹென்றி ஃபோகோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று வெறுங்காலோடு மர நிரைக்குள் இறங்கிய பெண்ணின் உடம்பில் புழு கால்வழியே ஏறியது. மிச்ச ரத்தத்தை அடுத்தடுத்த பிரசவங்கள் வாங்கின. அவள் சாம்பலைத் தேடியிருந்தால் வியப்பென்ன? இதே வேட்கையில் மண் தின்ற அடிமைகளின் வாயில் கரீபியத் தோட்ட முதலாளிகள் முகமூடி பூட்டினார்கள்; உடம்பின் பசியைக் குணக்கேடாகப் பார்த்த கண் அது. லயங்கள் போய்த் தாமான் வீடுகள் வந்து, செருப்பும் கழிப்பறையும் வந்தபின் புழு அடங்கியது. ரத்தசோகை அடங்கவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு அது உண்டு.

மனநல மருத்துவமும் இந்தத் தோட்டப்புறப் பெண்ணுக்குப் பெரிதாக உதவுவதில்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 மனநோய் வகைப்பாடு, பைக்காவை எந்த வயதிலும் கண்டறியலாம் என்றது. சமூகம் ஏற்ற வழக்கமாக இருந்தால் நோயென்று கொள்ளக்கூடாது என்றும் சொன்னது. பண்பாட்டை மதிக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் வீட்டார் மசக்கை என்று தள்ளியதை மருத்துவரும் வழக்கம் என்று தள்ள இது வழிவிடுகிறது. மறுபக்கம், பிரிட்டனில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு கர்ப்பிணிகளில் 7.5 விழுக்காட்டினருக்கு உணவுக்கோளாறு இருப்பதாகக் கண்டது. ஆனால் அத்தகைய ஆய்வுகளின் வினாத்தாள்கள் உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. நம் பெண் சோற்றைக் குறைப்பது இடுப்பளவுக்காக அல்ல. பிள்ளை சிறிதாக இருந்தால் பிரசவம் சுலபம், வயிற்றில் சோறும் சிசுவும் ஒரே இடத்தைப் பங்கிடுகின்றன என்ற எண்ணத்தைத் தென்கன்னட மாவட்டத்தில் மானிடவியலாளர்களான நிக்டர் தம்பதியர் 1983இலேயே பதிவுசெய்தார்கள். நம் பாட்டிமார்களின் பேச்சிலும் இதன் சாயல் உண்டு.

இப்போது இதன்மேல் இன்னோர் அச்சமும் ஏறியிருக்கிறது. இந்திய வம்சாவளிப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வாய்ப்பு கூடுதல். சர்க்கரை அளவு சரியாக வந்தால் பாராட்டு, ஏறினால் கண்டிப்பு. இரண்டு வேளை பட்டினி கிடந்து ஒருத்தி அந்த எண்ணைக் கொண்டுவந்தால், புத்தகத்தில் எண் மட்டுமே நிற்கும். சர்க்கரைச் சோதனை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஆனால் பசியை மறைத்துத் தேறும் சோதனை எதையும் நிரூபிக்காது.

பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் மிசிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பதிவின்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “சோறு தவிர வேறெதைத் தின்ன ஆசையாக இருக்கிறது? எந்த வேளைச் சாப்பாட்டை விடுகிறீர்கள்?” தமிழில் கேளுங்கள், கூட வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். அரிசியோ சாம்பலோ ஐஸோ என்று பதில் வந்தால், ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியிருந்தாலும் அன்றே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள்.