அடுத்த கதிரையில் யார்?

"அது பழைய ஐயாவுக்குத்தான் தெரியும், அவர் பென்சனில போயிட்டார்." அரச கந்தோர்களுக்கு அலைந்த எங்களில் பலர் இந்தப் பதிலைக் கேட்டிருப்போம். ஒரு ஆள் எழும்பிப் போனால் ஒரு கந்தோரே மறந்துபோகிற நிலை எப்படி வந்தது எண்டு வரலாற்றில் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்.

பிரித்தானியர் காலத்தில் இலங்கைச் சிவில் சேவைக்குள் வந்தவர் முதலில் கச்சேரியில் மூத்த அதிகாரியின் கீழ் வேலை பழகவேண்டும். மாவட்ட நிருவாகிகள் உத்தியோக நாட்குறிப்பு எழுதவேண்டும் என்ற விதியும் 1808 முதல் 1941 வரை இருந்தது. லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக எழுதிய குறிப்புகள் பிறகு புத்தகமாகவும் வந்தன. உப்பளம், மாட்டுநோய், காணிப் பிணக்கு எல்லாம் அதில் இருக்கு. வூல்ஃப் 1912 இல் வேலையை விட்டார். ஆனால் அடுத்து வந்தவருக்கு வாசிக்க ஒரு குறிப்பு இருந்தது.

இதைப் பொற்காலம் எண்டு சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தக் கதிரைகள் நெடுங்காலம் வெள்ளைக்காரருக்கே. போட்டிப் பரீட்சை மூலம் முதலாவது இலங்கையராகப் பொன்னம்பலம் அருணாசலம் நுழைந்ததே 1875 இல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு கதை. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. ஏற்கெனவே வேலை தெரிந்த, வேலையில் நிற்க விரும்பிய தமிழ் உத்தியோகத்தர்களிடம் சிங்களத் தேர்ச்சி கேட்கப்பட்டது. செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது எண்டது. 1969 இல் லண்டன் கோமறைக் கழகம் போடலாம் எண்டது. சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பு வரவே இல்லை. இதற்கிடையில் பலர் நேரத்தோடு ஓய்வுபெற்றுப் போனார்கள். அவர்களோடு எவ்வளவு அனுபவம் போனது எண்டு ஆர் கணக்கெடுத்தது?

1963 மே 1 ஆம் திகதி சிவில் சேவை கலைக்கப்பட்டு நிருவாக சேவை உருவானது. பெயர் மாறியது. ஆட்களைத் தக்கவைக்க அரசு நம்பியது என்னவோ பென்சனைத்தான். பென்சன் ஆளைப் பிடித்து வைக்கும், ஆனால் அவரிடமிருக்கும் அறிவை அடுத்தவருக்குக் கைமாற்றாது.

2022 இல் அது பச்சையாகத் தெரிந்தது. ஓய்வு வயதை 65 ஆக்கின அரசே, அந்த வருடம் முடியும்போது அதை 60 ஆக்கியது. சில பிரிவினரைத் தவிர, 60 கடந்தவர்கள் டிசம்பர் 31 இல் ஒன்றாக வெளியேறினார்கள். அதே வருடம் நடுப்பகுதியில் ஐந்து வருடச் சம்பளமற்ற விடுப்பில் வெளிநாடு போகவும் சுற்றறிக்கை வந்திருந்தது. நெருக்கடியில் செலவைக் குறைக்கவேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் எஞ்சியவர்களுக்கு வேலை பழக்க ஆரும் மிஞ்சவில்லை என்ற செலவு எந்தப் பாதீட்டிலும் இல்லை.

அரச வேலைக்கு விண்ணப்பம் போடுகிற தலைமுறை நாங்கள். சம்பளத்தைக் கேட்போம், அதோடு இதையும் கேட்போம்: போகிறவரும் வருகிறவரும் ஒரு சில மாதமாவது பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்யட்டும். போகிறவர் எழுதிவைத்துப் போகட்டும், தமிழிலும்.