கேட்பாரற்ற இயந்திரம்

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடம் மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. கென் தாம்ஸன் புதுக் கணிப்பொறி கேட்டார். மேலிடம் கையை விரித்துவிட்டது. வேறொரு இலாகாவில் பழைய பி.டி.பி.-7 ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. நினைவகம், இயந்திரக் கணக்கில் 8,192 சொற்கள். என் நாவலில் ஓர் அத்தியாயம்கூட அதில் கொள்ளாது! மனைவி கைக்குழந்தையுடன் கலிபோர்னியாவுக்குப் போயிருந்த சில வாரங்களில், பின்னால் யூனிக்ஸ் என்று பெயர் பெற்ற இயக்க முறைக்கு அதிலேயே அஸ்திவாரம் போட்டுவிட்டார். சின்ன வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சிக்கனம் சொல்லித் தரவேண்டுமா? இடநெருக்கடி அழகையும் சேர்த்தே தந்தது என்று அவரும் டென்னிஸ் ரிட்சியும் 1974-ல் எழுதினார்கள். காகிதத்தில் அச்சாகி எஞ்சியிருந்த அந்த நிரல்களை மீட்டு, 2019-ல் ஸியாட்டில் நகர அருங்காட்சியகம் ஒன்றில், அதே ரகக் கிழட்டு இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடிற்று.