ஜேசி வைரஸ்

மனிதரில் பெரும்பாலோரைச் சிறுவயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் ஓசையின்றித் தங்கிவிடும் பாலியோமா வகை வைரஸ். 1971இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. எய்ட்ஸ் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குலையும்போது, மூளையில் மயலின் உறையை உருவாக்கும் செல்களை அழிக்கிறது. பி.எம்.எல். எனப்படும் இந்நோயில் சட்டைப் பொத்தான் போடக் கை வராது, பேச்சு குழறும், பார்வையில் ஒரு பக்கம் மறையும். பெரும்பாலும் காய்ச்சல் இராது. அதனால் பக்கவாதமென்று எண்ணிவிடுவதுண்டு. எம்.ஆர்.ஐ. படமும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்கும்.

இதற்கெனத் தனி மருந்து இல்லை. எச்.ஐ.வி. உள்ளோருக்கு, எதிர்ப்புச் சக்தியை மீட்கும் ஏ.ஆர்.டி. கூட்டுமருந்தே காப்பு. 1928இல் காசநோய்க்கெனத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியத்தில், 2004 ஏப்ரலில் அது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஏழை நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.