கைப்பற்றிய கப்பலும் கடலின் உரிமையும்

கி. பி. 1603-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள். இன்றைய சிங்கப்பூரின் கிழக்குக் கரைக்கு அருகே 'சாந்தா காத்தரீனா' என்னும் போர்த்துகீசியப் பெருங்கப்பல் நின்றிருந்தது. மக்காவிலிருந்து மலாக்காவுக்குச் செல்லும் வணிகக் கப்பல் அது. பட்டும் பீங்கானும் கஸ்தூரியும் அதில் நிறைந்திருந்தன. யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்னும் டச்சுத் தளபதி, ஜோகூர் அரசின் துணையோடு அதனைத் தாக்கினார். ஒரு பகற்பொழுது போர் நடந்தது. உயிருக்கு ஊறு நேராது என்ற உறுதியின் பேரில் கப்பலில் இருந்தோர் சரணடைந்தனர். உயிர் அவர்களுக்கு, சரக்கு டச்சுக்காரர்களுக்கு.

இவ்வாறு பிடிபட்ட கப்பலை ஆங்கிலத்தில் 'பிரைஸ்' என்பர். அதனைப் 'பரிசு' என்று பெயர்த்தால் பொருள் கெடும். இங்கு அச்சொல்லுக்குக் 'கைப்பற்றியது' என்பதே பொருள். கைப்பற்றிய மாத்திரத்தில் கப்பல் பிடித்தவனுக்கு உரிமையாகிவிடாது. கடற்படை நீதிமன்றம் விசாரித்து, இது முறையான கைப்பற்று என்று தீர்ப்பளிக்க வேண்டும். தீர்ப்புப் பெற்றால் உடைமை, பெறாவிட்டால் கொள்ளை.

ஹீம்ஸ்கெர்க்கின் நிலை இங்கேதான் சிக்கலாயிற்று. தற்காப்புக்கும், நேர்ந்த இழப்பை ஈடுசெய்வதற்கும் மட்டுமே படைக்கலம் எடுக்க அவருக்கு அனுமதி இருந்தது. மக்காவில் டச்சு மாலுமிகள் பலர் கொல்லப்பட்டதை அவர் தரப்பினர் காரணமாகக் காட்டினர். 1604 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சரக்கு 30 லட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூலதனமே ஏறத்தாழ 64 லட்சம் கில்டர்தான் என்பதை எண்ணினால் இத்தொகையின் அளவு விளங்கும்.

ஆயினும் கம்பெனியின் பங்குதாரர் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. வணிகம் செய்யச் சேர்ந்தோமேயன்றிப் பிறர் பொருளைப் பறிக்க அன்று என்பது அவர்கள் கருத்து. அவர்களுக்கு விடையாக, ஹியூகோ குரோஷியஸ் என்னும் 21 வயது வழக்கறிஞர் ஒரு பெருநூலை எழுதலானார். அதன் ஓர் இயல் மட்டும் 1609-இல், ஆசிரியர் பெயரின்றி, 'மாரே லிபெரும்' என்ற தலைப்பில் வெளிவந்தது. 'கட்டற்ற கடல்' என்பது அதன் பொருள். கடல் எவருக்கும் தனியுடைமை அன்று. கீழ்த்திசை மன்னர்கள் தத்தம் நாட்டுக்கு உரியவர்கள். அவர்களோடு வணிகம் செய்வதைத் தடுக்கப் போர்த்துகீசியருக்கு உரிமை இல்லை என்று அது வாதிட்டது.

அத்தடையின் கொடுமையை நம் நாட்டு வணிகர்களும் அறிந்திருந்தனர். 'கார்த்தாஸ்' என்னும் போர்த்துகீசிய அனுமதிச் சீட்டு இன்றிச் சென்ற கப்பல்கள் பறிமுதலாயின. ஆகவே குரோஷியஸ் சொன்ன நியாயம் நமக்கும் உகந்ததே. அதனைச் சொன்னவர்கள் அதன்படி நடந்தார்களா? அதுவே கேள்வி.

நறுமணத் தீவுகளில் வேரூன்றிய டச்சுக்காரர், பிறர் அங்கே வணிகம் செய்யலாகாது என்று தடுத்தனர். 1613-இல் லண்டனில் இது குறித்துப் பேச்சு நடந்தது. டச்சுத் தூதுக்குழுவில் குரோஷியஸும் இருந்தார். ஆங்கிலேயர் அவர் நூலையே எடுத்துக்காட்டி அவரை மடக்கினர். கம்பெனிக்கும் அத்தீவுகளின் மன்னர்களுக்கும் ஒப்பந்தங்கள் உள்ளன; அவற்றை மதிக்க வேண்டும் என்பதே அவர் அளித்த விடை.

ஒரு கப்பலின் சரக்கைக் காப்பதற்காக எழுந்த வாதம் பின்னர் உலகக் கடற்சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. நூல் நிலைத்தது, ஆசிரியரின் பெயரும் நிலைத்தது. பட்டையும் பீங்கானையும் இழந்து மலாக்கா சென்ற வணிகர்களை இன்று நினைப்பார் அரியர்.