முதல் வரி எங்கிருந்து வரும்? கொங்கு எழுத்தாளர்கள் மூவரின் வரலாறு

நெருப்பெரிச்சல் என்று ஓர் ஊர். பெயரே பாதிக் கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? திருப்பூருக்கு வடக்கே தனி ஊராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட பகுதி. பனியன் கம்பெனி, பவர் டேபிள், ஓவர்லாக் மெஷின் சத்தம், சனிக்கிழமை சம்பளம்... இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு கதை எழுத ஆசைப்படுகிறவருக்கு முதலில் வரும் சந்தேகம் என்ன தெரியுமா? "தஞ்சாவூர்க்காரங்களுக்குக் காவேரி இருக்குது, கச்சேரி இருக்குது. நம்ம ஊர்ல எழுத என்ன இருக்குது?"

நோட்டைத் திறப்பார், முதல் வரி எழுதுவார், அடிப்பார், மூடி வைப்பார். இதற்கு ஆங்கிலத்தில் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று பெயர். 1940-களில் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர் என்பார்கள். பெயர் அப்போதுதான் வந்ததே தவிர, நோய் பழையதுதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். "நம்ம ஊர்ல என்ன இருக்குது" என்ற கேள்விக்கு இதே மண்டலத்தில் 80 வருஷத்துக்கு முன்பே ஒருவர் பதில் எழுதி வைத்துவிட்டார். ஆர். சண்முகசுந்தரம். தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் 1917-ல் பிறந்தவர். 'மணிக்கொடி'யில் சிறுகதை எழுதத் தொடங்கியவர். 1942-ல் இவருடைய 'நாகம்மாள்' வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதற்கு முன்னுரை எழுதியவர் கு.ப. ராஜகோபாலன்.

நாகம்மாளில் என்ன பெரிய கதை? ஒரு விதவை. கணவன் வழிச் சொத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கொழுந்தனிடம் கேட்கிறாள். கொங்கு நாட்டில் எந்தத் தோட்டத்தில் இந்தப் பங்குச் சண்டை இல்லை? எல்லோரும் திண்ணையில் பேசிப் பேசிச் சலித்த விஷயம் அது. அந்தச் சலித்த விஷயத்தை, அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அதைச் செய்ய அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவருக்கும் இடைவெளி இல்லாமல் இல்லை. 1940-களில் வந்த நாவல்களுக்கும் 1960-ல் வந்த 'அறுவடை'க்கும் நடுவே நீண்ட இடைவெளி. பதிப்பகம், மொழிபெயர்ப்பு என்று பிழைப்பு வேறு பக்கம் இழுத்தது. வங்க நாவல்களை இந்தி வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தார். சொந்தமாக எழுத வராத நாளில் இன்னொருவர் வாக்கியத்தைத் தன் மொழியில் எழுதிப் பார்ப்பது கையைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தவர் திருப்பூர்க்காரரே. சுப்ரபாரதிமணியன். தொலைபேசித் துறையில் வேலை. செகந்திராபாத்தில் இருந்தபோது 1987-ல் 'கனவு' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். தமிழ் பேசாத ஊரில் தமிழ்ப் பத்திரிகை! பிறகு ஊர் திரும்பியவர் 1998-ல் 'சாயத்திரை' நாவலை எழுதினார். சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யலில் கலந்து ஆறு கலர் கலராக ஓடியதைத் திருப்பூரில் பார்க்காதவர் கிடையாது. தினமும் பாலத்தைத் தாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். நாவல் அதற்கு 13 வருஷம் முந்தி! பனியன் ஊரில் எழுத ஒன்றுமில்லை என்பவருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆனால் இவர்கள் கதையெல்லாம் தொடங்குவது பற்றியது. தொடங்கி, நன்றாக எழுதிக் கொண்டிருந்த ஒருவருக்குக் கை அப்படியே நின்றுபோனால்? அதற்குத் திருப்பூரிலிருந்து ஈரோடு தாண்டித் திருச்செங்கோடு போக வேண்டும்.

பெருமாள்முருகன் 1966-ல் பிறந்தவர். அப்பா சினிமா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தார். 1993-ல் வந்த 'நிழல்முற்றம்' நாவலே தியேட்டர் சோடாக் கடைப் பையன்களைப் பற்றியதுதான். சண்முகசுந்தரத்தின் எழுத்தை ஆராய்ந்து புத்தகம் எழுதியவரும் இவரே. கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து 2000-ல் அகராதியும் போட்டார். பொடக்காலி (கொல்லைப்புறம்), ஒரம்பரை (உறவினர்) மாதிரி வீட்டில் புழங்கும் சொற்கள். தன் பேச்சுக்குத் தானே அகராதி போட்டவருக்குச் சொல் கிடைக்காமல் போகுமா?

போனது. 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் வெடித்தது. பிரதியை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகு தன் முகநூல் பக்கத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், இனி ஆசிரியன் மட்டும்தான் என்ற பொருளில் அறிவித்தார்.

அதன் பிறகான மாதங்களில் எழுத மட்டுமல்ல, படிக்கவும் முடியாமல் கிடந்ததைப் பின்னால் சொல்லியிருக்கிறார். சோம்பல் அல்ல, விஷயப் பஞ்சமும் அல்ல. பயம்! நம்மில் பலருக்கு வரும் தடையும் கடைசியில் இந்தச் சாதிதான். "படிக்கிறவன் என்ன நினைப்பான், மாமா என்ன சொல்வார்" என்பதன் சின்ன அளவு. அவருக்கு வந்தது ஊரே திரண்ட அளவு.

எப்படி மீண்டார்? நாவல் எழுதி அல்ல. யாரிடமும் காட்ட வேண்டியதில்லாத சின்னச் சின்னக் கவிதைகளை எழுதி. சுமார் 200 கவிதைகள். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த எழுத்தாளர் மீண்டும் எழுந்து எழுதட்டும் என்ற கருத்தோடு தீர்ப்பு முடிந்தது. ஆகஸ்டில் அந்தக் கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்று புத்தகமாயின. தலைப்பைப் பாருங்கள்... பயத்தை மறைக்கவில்லை, அட்டையிலேயே போட்டுவிட்டார்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. எழுதும் ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் ஒரு தணிக்கையாளர் தனக்குள் உட்கார்ந்துவிட்டதாக அப்போது சொன்னார். அவரை ஏமாற்ற அவர் கண்டுபிடித்த வழிதான் சுவாரசியமானது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம். சரி, மிருகங்கள்? மாடும் பன்றியும் வம்பு. நாயும் பூனையும் கவிதைக்குப் போகட்டும். மிச்சம் ஆடுதான், அதிலும் துறுதுறுப்பான வெள்ளாடு! இப்படிக் கழித்துக் கழித்து வந்ததை அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். 2016 கடைசியில் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' வந்தது. மானாவாரிக் காட்டில் ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கும் ஆட்டுக்குட்டி. அதன் காதில் துளை போட்டுப் பதிவு செய்யும் அரசாங்கமும் கதையில் வருகிறது. சொல்ல வேண்டியதை ஆட்டை வைத்தே சொல்லிவிட்டார்.

2018-ல் அடுத்த நாவல் 'கழிமுகம்'. அதில் அரசாங்க வேலை பார்க்கும் ஓர் அப்பா, செல்போன் கேட்கும் ஒரு மகன், அவர்கள் நடுவே உள்ள தூரம். எல்லார் வீட்டுச் சண்டைதான். ஆனால் கதையில் யாரும் மனிதர் இல்லை. அத்தனை பேரும் அசுரர்கள். அப்பா பெயர் குமராசுரர்.