வெளிறும் பவளப் பாறைகள்

மன்னார் வளைகுடா என்றவுடன் முத்தும் சங்குமே நம் நினைவில் எழுகின்றன. கொற்கைத் துறையின் முத்து உரோமாபுரி வரை சென்று புகழ் ஈட்டியதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் அதே கடலில், இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, தீவுகளுக்கு அரணாய் நிற்கும் சிற்றுயிர் ஒன்றின் வரலாற்றை நாம் அவ்வளவாக அறிந்தோமில்லை. அதுவே பவளப் பூச்சி. அண்மைக் காலத்தில் அதற்கு மனிதனால் இரண்டு இடர்கள் நேர்ந்தன. ஒன்று கடப்பாரையால் வந்தது. மற்றொன்று வெப்பத்தால் வந்தது. முன்னதைத் தடுக்க நம்மால் முடிந்தது. பின்னதைத் தடுக்க முடியுமா?

மகளிர் அணியும் செம்பவளம் வேறு. இங்குக் கூறப்படும் பவளம் வேறு. இது கதிரவன் ஒளி புகும் ஆழமற்ற நீரில் கூட்டமாக வாழ்வது. கடல் நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தனக்கொரு கூடு கட்டிக்கொள்ளும். மாய்ந்தவற்றின் கூட்டின் மீது புதியவை கட்டும். இவ்வாறு பெருகியவையே பவளப் பாறைகள். மான் கொம்பு போலக் கிளைப்பவை விரைந்து வளரும். உருண்டு திரள்பவையோ ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தமக்கு இடம் தந்த உயிருக்கும் பங்கு அளிக்கின்றன, நிறத்தையும் அளிக்கின்றன. வீடு கொடுப்பது ஒன்று. சோறு கொடுப்பது மற்றொன்று. இவ்வுறவு நீடிக்கும் வரையில்தான் பாறைக்கு வாழ்வு உண்டு.

இவ்வாழ்வு மிகப் பழமையானது. இராமநாதபுரக் கடற்கரையில் நீர்மட்டத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் பழம் பவளப் பாறைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்டாடார்ட்டும் நம் நாட்டு அறிஞர் கோபிநாத பிள்ளையும் 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்பாறைகளின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டு எனக் கணிக்கப்பட்டது. அத்தகைய கல்லைக் கொண்டே தனுஷ்கோடியின் தேவாலயமும் கட்டப்பெற்றது. 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அதன் சுவர்களில் பவளத்தின் நுண் துளைகளை இன்றும் காணலாம்.

அறிஞர் உலகம் இக்கடலை நெடுங்காலமாக அறியும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் இவ்வளைகுடாவின் உயிரினங்களைக் குறித்து எழுதினார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் உயிர்களைப் பற்றி அவ்வருங்காட்சியகம் 1927இல் ஒரு நூல் வெளியிட்டது. 1947இல் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தில் அமைந்தது. 1969 சனவரியில் அதே மண்டபத்தில் பவளப் பாறைகளைப் பற்றிய முதல் அனைத்துலகக் கருத்தரங்கு கூடிற்று. ஒரு சிறு கடற்கரை ஊருக்கு இஃது எத்துணைப் பெருமை!

ஆயினும் அப்பெருமை பாறைகளைக் காக்கவில்லை. சுண்ணாம்புக்காகவும், கட்டடத்திற்காகவும், ஆலைகளுக்காகவும் பவளக் கல் படகு படகாக வெட்டிச் செல்லப்பட்டது. அலையின் வேகத்தை முறித்து நின்ற அரண் போயிற்று. தீவுகளின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு வெகுவாகச் சுருங்கியது. 1986இல் 21 தீவுகளைக் கொண்ட பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004ஆம் ஆண்டு இறுதியில் ஆழிப் பேரலை வந்து, பாறையின் அருமையைக் கரையோர மக்களுக்கு உணர்த்திற்று. அதன் பின்னரே கல் வெட்டும் தொழில் ஓய்ந்தது. வான் தீவைக் காக்க 2015 முதல் கடலடியில் செயற்கைப் பாறைகளும் இடப்பட்டன.

கடப்பாரை ஓய்ந்தது, ஆனால் வெப்பம் ஓயவில்லை. கோடையில் கடல் நீர் வழக்கமான வெம்மையினும் ஓரிரு டிகிரி மிகுந்து சில வாரம் நீடித்தால், பவளப் பூச்சி தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி விடுகிறது. நிறம் போய் வெண்கூடு மட்டும் தெரிகிறது. இதனையே வெளிறல் என்பர். வெளிறிய பவளம் உடனே மடிவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பிவரும், பவளம் பிழைக்கும். இல்லையேல் மடியும். 1998இல் உலகெங்கும் இவ்வாறு நேர்ந்தபோது நம் வளைகுடாவும் தப்பவில்லை. 2010இல் மீண்டும் நேர்ந்தது. 2016ஆம் ஆண்டுக் கோடைக்கு முன் இங்குள்ள பாறைப் பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்கு உயிருள்ள பவளமாயிருந்தது. அக்கோடைக்குப் பின் அது 23 பங்காகக் குறைந்தது.

இமயத்தின் கற்குவியல்களிடையே பைக்கா என்றொரு சிறு விலங்கு வாழ்கிறது. முயலுக்கு உறவான அது குளிர் நாட்டு உயிர், வெப்பத்தைத் தாங்காது. நிலம் சூடேறினால் அத்தகைய உயிர் இன்னும் உயரே ஏறலாம். சிகரம் முடியும் வரை அதற்கு வழியுண்டு. பாறையில் வேரூன்றிய பவளப் பூச்சிக்கோ ஓரடி நகரவும் வழியில்லை. அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து செல்லினும், வடக்கே குளிர்ந்த நீரை நாட இயலாதவாறு நிலமே குறுக்கே நிற்கிறது.

உலகின் வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் பவளப் பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு வரை அழியும். 2 டிகிரி உயர்ந்தால் அநேகமாக யாவும் அழியும் என்று 2018இல் உலக அறிஞர் குழு எச்சரித்தது. கரியும் எண்ணெயும் எரிப்பதை மண்டபத்து மீனவர் மட்டும் குறைத்துப் பயனில்லை. அது நாடுகள் யாவும் கூடிச் செய்ய வேண்டிய செயல். எனினும் நம் கையில் ஒன்றுமில்லை என்று எண்ணலாகாது. கழிவு நீரும், அடிமண்ணை வாரும் வலையும், நங்கூரமும் வருத்தாத பாறை, வெப்பம் தணிந்தபின் விரைந்து தேறுகிறது. பலவாறு நலிந்த பாறை தேறுவதில்லை. ஆகவே இரு கோடைகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வுக் காலத்தில் அதனைத் துன்புறுத்தாதிருத்தல் நம் கடமை. கடப்பாரையைக் கீழே வைக்கக் கற்றுக்கொண்ட மக்களுக்கு இது செய்யக் கூடாத செயலன்று. பாறை உள்ளவரை அதில் மீன் உண்டு; மீன் உள்ளவரை இக்கரையில் வலை உலரும்.